சொல்லத் துணிந்த பிள்ளையே காக்கப்பெற்ற பிள்ளை

வீட்டிற்குக் கதவு உண்டு. கதவிற்குத் தாழ் உண்டு. தாழிற்குப் பூட்டும் உண்டு. பொழுது சாய்ந்ததும் கதவடைத்துத் தாழிட்டுப் பிள்ளைகளை உறங்கச் செய்துவிட்டால், அன்றைய காவற்கடமை முடிந்தது என்று கருதி வந்தனர் தமிழ்ப் பெற்றோர். அறியாதவன் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்காதே, இருட்டியபின் தெருவில் நில்லாதே, ஆழம் பாராமல் ஆற்றில் இறங்காதே என்று அறிவு கொளுத்தியும் வந்தனர். அக்காவலும் அவ்வறிவுரையும் இன்றும் வேண்டுவனவே. ஆயின், இன்று முன்கதவைத் தாழிட்ட பின்னும் பிள்ளையின் உள்ளங்கையில் மற்றொரு கதவு திறந்து கிடக்கின்றது. அதன் வழியே உலகத்து அறிவும் வருகின்றது. உலகத்துக் கயமையும் வருகின்றது. இரண்டும் ஒரே வழியில் வருவதே இற்றைப் பெற்றோர்க்கு நேர்ந்துள்ள புதிய இடர்.

இக்கதவைத் திறந்துவிட்டவர் யார்? பிள்ளைகள் அல்லர். 2020 மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் கரணியமாகப் பள்ளிகள் மூடப்பெற்றன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. கடன்பட்டும், காதிற் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தும் திறன்பேசி வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். பாடத்திற்கென்று வந்த கருவி, பள்ளி திறந்தபின் திரும்பிப் போகவில்லை. வீட்டுப்பாடமும் தேர்வு அறிவிப்பும் இன்றும் வாட்சாப்பு எனும் புலனக் குழுவில்தான் பல பள்ளிகளில் வந்து விழுகின்றன. எனவே, 'கருவியைப் பிடுங்கி எறிக. எல்லாம் சரியாகிவிடும்' என்பார் கூற்று, மழை வேண்டா என்று குடையை ஒளித்து வைப்பதையே ஒக்கும்.

இன்றைய பெற்றோருள் இரு சாரார் உளர். ஒரு சாரார், சோறூட்டும்போதே குழந்தையின் கையில் திரையைக் கொடுத்து, 'மூன்று அகவையிலேயே என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்' என்று பெருமை பேசுவோர். மற்றொரு சாரார், பிள்ளையின் கைப்பேசியில் ஏதேனும் ஒன்றைக் கண்டவுடன் அடித்தும் பழித்தும் அக்கருவியை உடைத்தும் சினந்தீர்ப்போர். முன்னவர் பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவர். பின்னவர், காட்டினின்று ஓடிவந்த பிள்ளைக்குக் கதவடைத்தவர். இருவரும் செய்வது ஒன்றே. பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது.

கயவன் எவ்வாறு வருகின்றான் என்பதைப் பெற்றோர் முதற்கண் அறிதல் வேண்டும். அவன் கொடிய முகத்தோடு வருவதில்லை. இணைய விளையாட்டில் உடன் விளையாடும் பதின்மூன்று அகவைச் சிறுவனாக வருகின்றான். தோற்கும்போது துணை நிற்கின்றான். விளையாட்டில் வழங்கும் 'வைரங்களை' விலைகொடுத்து வாங்கிப் பரிசளிக்கின்றான். பிள்ளையின் பேச்சை, பெற்றோர் கேளாத பொறுமையோடு கேட்கின்றான். 'உன் வீட்டார்க்கு உன்னைத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியும்' என்கின்றான். பிறகு, பலரும் பேசும் இடத்தினின்று இருவர் மட்டும் பேசும் இடத்திற்கு அழைக்கின்றான். 'இஃது நமக்குள் இருக்கட்டும்' என்று கமுக்கம் கற்பிக்கின்றான். முதலில் முகத்தின் படம் கேட்கின்றான். அடுத்து வேறு படம் கேட்கின்றான். அஃது ஒன்று கைக்குக் கிட்டியவுடன் அவன் முகமூடி கழல்கின்றது. 'இன்னும் அனுப்பு, அல்லது பணம் அனுப்பு, இல்லையேல் இதனை உன் தந்தைக்கு அனுப்புவேன், வகுப்புக் குழுவில் இடுவேன்' என்கின்றான்.

இஃது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது எனல் வேண்டா. பெண்ணின் பெயரிலும் படத்திலும் பொய்க் கணக்குத் தொடங்கி, ஆண்பிள்ளைகளை மயக்கி, ஓரிரவிற்குள் படம் பெற்றுப் பணம் பறிக்கும் கூட்டங்களும் உள. இனி, பிள்ளை எதனையும் அனுப்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பள்ளி விழாவில் எடுத்த நல்ல படம் ஒன்றைக் கொண்டே, செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆடையற்ற பொய்ப்படம் படைத்து மிரட்டும் கீழ்மையும் வந்துவிட்டது.

இவ்விடத்தில் அவன் கூறிய மிரட்டலை மீண்டும் நோக்குக. 'உன் தந்தைக்கு அனுப்புவேன்' என்கின்றான். அவன் கையில் உள்ள படைக்கருவி படம் அன்று. தந்தையின் சினமே அவனுக்குப் படைக்கருவி! 'அப்பாவிற்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்' என்று நடுங்கும் பிள்ளை, அப்பாவினிடம் ஓடுவதற்கு மாறாக, மிரட்டுபவனுக்கே மேலும் மேலும் அடிபணிகின்றது. அறியாதவனைவிடப் பெற்றவனை மிகுதியாக அஞ்சும் பிள்ளை உள்ள வீடே அக்கயவன் தேடும் வீடு. 'என் பிள்ளை எனக்கு அஞ்சி நடக்கின்றான்' என்று மார்தட்டும் தந்தை, அவ்வச்சத்தின் பயனை யார் துய்க்கின்றார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. கனடா நாட்டின் பிரிட்டிசு கொலம்பியா மாநிலத்துச் சிறுமி அமாண்டா தாடு. ஏழாம் வகுப்புப் பருவத்தில், முகங்காட்டிப் பேசும் இணையத்தளம் ஒன்றில், அறியாதவன் ஒருவனின் புகழுரைக்கு மயங்கி, ஒரு நொடி தன் மார்பைக் காட்டிவிட்டாள். அவன் அதனைப் படமாக்கிக் கொண்டான். மேலும் காட்டுமாறு மிரட்டினான். அவள் மறுக்கவே, அப்படத்தை அவளை அறிந்தவர்க்கெல்லாம் அனுப்பினான். அவள் பள்ளி மாறினாள், படமும் பின்தொடர்ந்தது. உடன்பயின்றோர் எள்ளினர், ஒதுக்கினர். 2012 செப்டம்பரில், வாய் திறவாமல், அட்டைகளில் எழுதிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தன் துயரைக் காணொளியாக வெளியிட்டாள். அடுத்த திங்கள் 10ஆம் நாள், 15 அகவையில், தன் உயிரைத் தானே முடித்துக் கொண்டாள். அவளை வாட்டியவன் கடல் கடந்த நெதர்லாந்து நாட்டினன். அவன் குற்றவாளி எனக் கனடாவில் தீர்ப்பானது 2022 ஆகசுட்டில். 13 ஆண்டுச் சிறை என ஒறுக்கப்பெற்றது அவ்வாண்டு அக்டோபரில். பத்தாண்டு கழித்து வந்தது அத்தீர்ப்பு.

அவள் வீட்டார் காவல்துறையில் முறையிடாதவர் அல்லர். தாய் மகளை வெறுத்தவரும் அல்லர். மகளின் பெயரால் இன்றும் பிற பிள்ளைகளுக்காக உழைத்து வருபவர் அத்தாய். பின் அச்சிறுமியைத் தனிமையில் தள்ளியது எது? குற்றம் செய்தவனை விட்டுவிட்டுக் குற்றத்திற்கு ஆளானவளைப் பழித்த ஊர்வாய். ஆகவே, வீடு மட்டும் திருந்தினாற் போதாது. பள்ளியும் தெருவும் உறவும் திருந்துதல் வேண்டும். 'அவள் ஏன் காட்டினாள்?' என்று கேட்கும் நாக்கு, 'அவன் ஏன் கேட்டான்?' என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

இனி, பிள்ளை சொல்லவில்லையே என்று வருந்தும் பெற்றோர், சொல்வதற்குரிய சொல்லை அதற்குக் கொடுத்தனரா என்று எண்ணுக. மார்பு, தொடை, பிறப்புறுப்பு என்னும் சொற்களைத் தமிழில் ஒலிக்கவே கூசும் வீடுகள் எத்துணை! அவ்வீட்டுப் பிள்ளை அவ்வுறுப்புகளின் பெயரைத் தெருவில் வசைச்சொல்லாகவும், திரையில் ஆங்கிலக் கொச்சையாகவும் கற்றுக்கொள்கின்றது. வசையாகக் கற்ற சொல்லை வைத்துத் தன் துயரைத் தாயிடம் எங்ஙனம் கூறும்? போதாக்குறைக்கு, வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுமாறு பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோரும் உளர். கேட்டது, வாங்கியது, மதிப்பெண் பெற்றது ஆகியவற்றை அவ்வரைகுறை ஆங்கிலத்திற் கூறிவிடலாம். நெஞ்சில் உறுத்துவதைக் கூறுதற்கு நெஞ்சின் மொழி வேண்டும். சொல்லற்ற வீட்டிற் சொல்ல இயலாது. எனவே, கண், காது, கை, கால் என்று கற்பிக்கும் பருவத்திலேயே எல்லா உறுப்பின் பெயரையும் நாணமின்றித் தூய தமிழிற் கற்பிக்க. 'ஆடைக்குள் இருப்பதைப் பார்க்கவும் தொடவும் படமெடுக்கவும் எவர்க்கும் உரிமையில்லை. எவரேனும் கேட்டால் மறுத்துவிடு. உடனே என்னிடம் சொல். எது நடந்திருந்தாலும் உன்னை அடிக்க மாட்டேன்' என்னும் நான்கு தொடர்களைப் பிள்ளை மறவாதவாறு பலமுறை கூறுக. நான்காம் தொடரே மற்ற மூன்றற்கும் உயிர். கூறியபடி நிற்கவும் நிற்க.

அரசு தடுத்துவிடட்டும், சட்டம் காத்துவிடட்டும் என்று வாளா இருப்போரும் உளர். சட்டம் வேண்டும். ஆத்திரேலிய நாடு, 16 அகவைக்குக் கீழ்ப்பட்டோர் குமுக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை 2024இல் இயற்றி, 2025 திசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதில் ஒறுப்பு பிள்ளைக்கோ பெற்றோர்க்கோ அன்று, தவறும் குழுமங்களுக்கே. இந்திய அரசும் 2025 ஆகசுட்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஆயினும், தடை ஒன்றையே நம்பினால் என்னாகும் என்பதையும் தமிழ்ப் பெற்றோர் கண்டுள்ளனர். 2020 செப்டம்பர் 2ஆம் நாள் தடைசெய்யப்பெற்ற 118 செயலிகளுள் பப்சி விளையாட்டும் ஒன்று. 2021இல் அது வேறு பெயரில் வந்தது. 2022இல் மீண்டும் தடை. 2023இல் மீண்டும் வருகை. இவ்வளவிற்கும் இடையே பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தவில்லை; வேறு விளையாட்டிற்கு மாறினர்.

குழுமங்களின் நல்லெண்ணத்தை நம்புவதும் பேதைமையே. பிள்ளையின் கண் திரையைவிட்டு அகலாதிருப்பதே அவற்றின் வருவாய். 2021இல் முகநூற் குழுமத்தின் முன்னாள் பணியாளர் பிரான்சிசு ஆகன் என்னும் அம்மையார் அக்குழுமத்தின் உள் ஆவணங்களை வெளிப்படுத்தினார். தம் உடலைத் தாழ்வாக எண்ணும் இளம்பெண்களில் ஏறத்தாழ மூவருள் ஒருவர்க்கு இன்சுட்டாகிராம் அவ்வெண்ணத்தை மேலும் மிகுவிக்கின்றது என்று அக்குழுமத்தின் சொந்த ஆய்வே கூறியிருந்தது. தெரிந்தே விற்றனர் என்பதை இதனின் வேறு எவ்வாறு கூறுவது?

எனவே, முதற்காவல் வீட்டிலேதான். அதற்குப் பெரும் படிப்பும் வேண்டா, பொருளும் வேண்டா. சில ஒழுங்குகள் போதும்.

சிறு குழந்தைக்குத் தனிக் கைப்பேசி வேண்டா. பெற்றோரின் கருவியை, கூடத்தில், பெற்றோர் அருகிருக்கக் குறித்த நேரம் பார்க்கட்டும். ஒரு படம் முடிந்ததும் அடுத்த படம் தானே ஓடும் அமைப்பை நிறுத்தி வைக்க. இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பெற்றோரின் கருவி உட்பட ஓரிடத்தில் உறங்கட்டும். படுக்கையறைக்குள் ஒன்றும் போதல் வேண்டா. ஆண்டிராய்டு கைப்பேசிகளிற் கூகுளின் பேமிலி லிங்க்கு என்னும் செயலியாலும், ஐபோனில் அதிலேயே அமைந்துள்ள திரைநேர அமைப்பாலும், எச்செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம், எதனைப் புதிதாக இறக்கலாம் என்பதைப் பெற்றோரே வரையறுக்க முடியும். இவற்றிற்குக் கட்டணம் இல்லை. பணம் செலுத்தும் செயலியின் கமுக்க எண்ணைப் பிள்ளைக்குக் கூறல் வேண்டா. வைப்பகக் கணக்கோடு இணைந்த கைப்பேசியை விளையாடக் கொடுத்தலும் வேண்டா.

புலனத்திற்கும் இன்சுட்டாகிராமிற்கும் குறைந்த அளவு அகவை 13 என அக்குழுமங்களே வகுத்துள்ளன. ஆயினும் பத்து அகவைப் பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றி எழுதிக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டாரே. இணையத்திற் பிள்ளை கற்கும் முதற்பொய் பெற்றவர் கற்பித்த பொய்யாக இருத்தல் தகுமோ? மேலும், 18 அகவைக்குக் கீழ்ப்பட்டோர் கணக்கை அறியாதவர் பார்வையினின்று மறைத்து வைக்கும் காப்பமைப்பை இன்சுட்டாகிராம் 2024 முதல் கொணர்ந்துள்ளது. அகவையைப் பொய்யாகக் கூட்டி எழுதிய பிள்ளைக்கு அச்சிறு காப்பும் கிட்டாமற் போகும்.

பிள்ளைக்குக் கூறுவன அனைத்தும் பெற்றோர்க்கும் பொருந்தும். பள்ளிச் சீருடையோடு, பள்ளியின் பெயர் தெரிய, பிறந்தநாளும் குறித்து, பிள்ளையின் படத்தை ஊரறிய இடுபவர் பெற்றோரே. குளிக்கும் குழந்தையின் படத்தை அன்பினால் இடுகின்றனர். அதனை எடுத்துச் செல்பவன் அன்பினால் எடுத்துச் செல்வதில்லை. உண்ணும்போதும் உரையாடும்போதும் திரையை நோக்கிக் குனிந்தே இருக்கும் தந்தை, பிள்ளையை நிமிர்ந்து பார் என்று கூறினால் அச்சொல் ஏறுமோ? நாள்தோறும் அரைமணி நேரம், கருவி ஏதுமின்றி, 'இன்று என்ன பார்த்தாய்? யாரோடு விளையாடினாய்?' என்று சினமின்றிக் கேட்டுச் செவி கொடுக்கும் பெற்றோர்க்கு, எந்தக் காவற்செயலியும் தராத காவல் கிட்டும். முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை திடுமென ஒடுங்கினாலோ, கைப்பேசி ஒலிக்கும்போது நடுங்கினாலோ, வாங்கிக் கொடாத பொருளோ பணமோ அதனிடம் காணப்பட்டாலோ, உளவு பார்ப்பதை விடுத்து அருகமர்ந்து கேட்க.

இத்துணையும் செய்த பின்னும் இடர் நேரலாம். நேர்ந்துவிட்டால் என் செய்வது? பிள்ளை வந்து கூறிய அந்த நொடியில் பெற்றோரின் வாயினின்று வரும் முதற்சொல்லே எல்லாவற்றையும் முடிவு செய்யும். 'சொன்னது நன்று; இனி இஃது உன் சுமை அன்று; என் சுமை' என்பதே அச்சொல்லாதல் வேண்டும். அதன்பின் மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்தல் கூடாது. கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். உரையாடல்களையும் அவன் கணக்கின் பெயரையும் எண்ணையும் அழித்துவிடாமற் சான்றாக வைத்துக்கொண்டு, அவன் தொடர்பைத் துண்டிக்க. குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930. இந்திய அரசின் இணையக்குற்ற முறையீட்டுத் தளத்திற் பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தைப் பெயர் கூறாமலும் முறையிடலாம். பரவக்கூடிய படத்தை நீக்குதற்கு, அமெரிக்காவில் உள்ள சிறார் காப்பு நடுவம் ஒன்று நடத்தும் 'டேக் இட் டவுன்' எனும் கட்டணமில்லாப் பணி உதவும்; அதற்குப் படத்தை அனுப்ப வேண்டுவதில்லை, படத்தின் அடையாளக் குறி மட்டுமே செல்லும்.

காவல்நிலையம் என்றால் மானம் போய்விடும் என்று அஞ்சுவோர் சட்டத்தை அறிக. பாலியற் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளையின் பெயரும் அடையாளமும் வெளிவருதல் கூடாது. பிள்ளையின் கூற்றை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அலுவலர், சீருடையின்றி வந்து எழுதிக்கொள்ளல் வேண்டும். எக்கரணியம் பற்றியும் இரவிற் பிள்ளையைக் காவல்நிலையத்தில் வைத்திருத்தல் ஆகாது. இக்குற்றத்தை அறிந்தும் மறைத்தல், பள்ளியாயினும் உறவினராயினும், தனிக்குற்றம். அப்படத்தை 'எச்சரிக்கை' என்று கூறிப் பிறர்க்கு அனுப்புவோரும் குற்றவாளிகளே. குழந்தைகளை அவ்வாறு காட்டும் படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும் எனச் சென்னை உயர் அறமன்றத்தின் தீர்ப்பை நீக்கி, உச்ச அறமன்றம் 2024 செப்டம்பர் 23ஆம் நாள் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு மானக்கேடு என்பது சட்டத்திலும் இல்லை, அறத்திலும் இல்லை. இருப்பது ஊரார் நெஞ்சில்தான். அங்கிருந்து அதனைக் களைவது படித்தோர் கடன்.

தமிழ்ப் பெற்றோரே! பிள்ளையின் கையில் உள்ள கதவை இனி முற்றும் மூடுதல் அரிது. அதன் வழியே ஆயிரம் பேர் பிள்ளையை அழைப்பர். அவ்வழைப்புகளுக்கிடையே, அச்சம் நேர்ந்த நள்ளிரவிலும் 'அம்மா' என்று அழைக்கப் பிள்ளைக்குத் துணிவு இருக்குமாயின், எக்கயவனும் அதனை வெல்ல மாட்டான். அத்துணிவைக் கடையில் வாங்க இயலாது. அரசு வழங்க இயலாது. அன்பான சொல்லாலும், சினத்தை அடக்கிக் கேட்கும் செவியாலும் பெற்றோரே அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்த்தல் வேண்டும். இன்றிரவே தொடங்குக.